தொட்டுக் காட்டாத சாட்சி

புவனகிரி
11.6.2006

அமரு,

நீ நல்லா இருக்கியான்னு கேட்டா, 'அதான் பார்த்தீங்களே'ன்னு சொல்லுவ. அதனால கேக்கல. கேப்பர் மலை ஜெயிலு வாசல்ல என்ன நிக்க வெச்சிட்டு நீ பாட்டுக்கு ஆட்டோ ஏறிப் போயிட்ட. அண்ணன் வெயில்ல நிக்கிறானேன்னு திரும்பிக்கூடப் பார்க்கல.

போன்ல பேசலாம்னா நீ எடுக்க மாட்ட. எடுத்தாலும் எனக்குக் கேக்காது. ரைஸ்மில்லுல நெல்லு அவிச்சு அவிச்சு மிஷினு சத்தத்துல பாதிக் காது போச்சு. மீதிய உங்க அண்ணி தில்லையம்மா எடுத்துக்கிட்டா. அதான் மூணாங்கிளாஸ் கை எழுதுது. தப்பு இருந்தா செவப்பு மையில சுழிச்சு அனுப்பு டீச்சரம்மா. ரிட்டயரு ஆனவளுக்கும் ஒரு வேல வேணும்ல.

நடந்தத வரிசையா எழுதறேன். எங்க தப்புன்னு நீ சொல்லு.

மாசி மகத்துக்கு எங்க வூட்டுக்கு வந்த உன்னக் கடலுக்கு இட்டுகினு போனேன். சாமி தீர்த்தவாரி முடிஞ்சு திரும்பறப்ப பஸ்ஸுல கூட்டம் ஜாஸ்தின்னு சவுக்குத் தோப்பு ஓரமா நடந்தோம். பைக்குல ரெண்டு பேரு வந்தானுங்க. ஓட்டுனவன் மூஞ்சியில துண்டு. பின்னாடி இருந்தவன் புது மொட்டை, தலையெல்லாம் சந்தனம். எறங்கினான், கத்தியக் காட்டினான், உன் தாலிச் செயின இழுத்து அறுத்தான். உன் கழுத்துல ரத்தம். வெத்தல மடிக்கிற நேரம்கூட ஆவல, போயிட்டானுங்க.

கொஞ்ச நாள் கழிச்சி ஸ்டேஷன்லேந்து கூப்புட்டாங்க. எந்த ஸ்டேஷன்னு எழுத மாட்டேன், எனக்கு இன்னும் இங்க குடியிருக்கணும். செயின் கெடச்சிடுச்சுன்னு போனா, செயின் இல்ல. பெஞ்சுல ஒரு மொட்டப் பையன் குந்தியிருந்தான். முதுநகர்ல மீன் பெட்டி தூக்குறவன், பேரு கலியபெருமாளு. 'இவன்தானே?'ன்னாரு எஸ்.ஐ. நீ பார்த்த, அழுத, இவன்தான்னுட்ட. நானும் சும்மா இல்லாம, 'என்ன மாப்ள, சந்தனம் காஞ்சுதா?'ன்னு கேட்டேன். ஸ்டேஷனே சிரிச்சுது. அவன் மட்டும் சிரிக்கல.

அப்பறம்தான் ஜெயில்ல அடையாள அணிவகுப்பு. பசங்கள வரிசையா நிக்க வெச்சி, எல்லாரு தலையிலயும் துண்டு கட்டச் சொல்லி, மாஜிஸ்திரேட்டு ஐயா ஒன்னத் தனியா, என்னத் தனியா கூப்புட்டாரு. பார்த்தவன் யாருன்னு தொட்டுக் காட்டச் சொன்னாரு. நீ தொட்ட. நான் தொடல.

கலியபெருமாளு அங்க நின்னான், எனக்கு அடையாளம் தெரிஞ்சுது. ஆனா எதுல தெரிஞ்சுது? ரோட்டுல பார்த்ததுலயா, பெஞ்சுல பார்த்ததுலயா? என்னால பிரிக்க முடியல. ஸ்டேஷன் சங்கதிய அவருகிட்ட சொல்ல வாய் வரல, நீ வெளிய அழுதுகினு நிக்கற. 'எல்லாரும் பொண்ணு பார்க்க வந்த மாப்பிள்ளைங்க மாதிரி நிக்கறாங்க ஐயா, ஒருத்தரையும் சொல்ல முடியல'ன்னுட்டு வந்துட்டேன்.

மச்சானுக்கு சர்க்கரை எவ்ளோ இருக்கு? லட்டு சாப்புடறாரான்னு பாரு, பீரோவுக்குப் பின்னாடி ஒளிப்பாரு.

சாமிக்கண்ணு


மஞ்சக்குப்பம், கடலூர்
19.6.2006

அண்ணனுக்கு,

கடிதம் வந்தது. சிவப்பு மையால் சுழிக்க அதில் ஒன்றும் இல்லை. நடந்ததை நடந்தபடிதான் எழுதியிருக்கிறீர்கள். எழுதிய ஆள்தான் தப்பு.

கத்திக்கு எதிரில் நின்றவள் நான். அவன் மூச்சு என் முகத்தில் பட்டது. எதில் தெரிந்தது என்று நீங்கள் சந்தேகப்படலாம், எனக்குச் சந்தேகம் இல்லை. வகுப்பு நிறையப் பிள்ளைகளில் யார் சாக்பீஸைத் திருடியது என்று முகத்தைப் பார்த்தே சொன்னவள் நான். எனக்கு முகம் மறக்காது.

மாப்பிள்ளைகள் என்று சொன்னீர்களாமே. மாஜிஸ்திரேட் சிரிப்பை அடக்கிக்கொண்டார் என்று ஒரு காவலர் வந்து சொன்னார். என் கல்யாணப் பந்தியில் என் வீட்டுக்காரர் பாயசத்தில் உப்பை அள்ளிப் போட்டவர்தானே நீங்கள். அன்றைக்கு ஊரே சிரித்தது. நான் சிரிக்கவில்லை, நீங்கள் கவனிக்கவும் இல்லை.

செயின் கிடைக்கவில்லை. வண்டி நம்பரை யாரும் பார்க்கவில்லை. நம் இரண்டு பேர் கண்களை வைத்துத்தான் வழக்கே நிற்கிறது என்கிறார் அரசு வக்கீல். அதில் ஒன்றை நீங்கள் மூடிக்கொண்டீர்கள்.

செயின் போன மறுநாளே என் வீட்டுக்காரர் மஞ்சள் கயிறு வாங்கிவந்து கட்டிவிட்டார். முடிச்சைப் போட்டுவிட்டு, 'ஒன்றும் ஆகாது அமராவதி' என்றார். எனக்குச் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை. அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு சரியாக இறங்குவதில்லை. லட்டு எல்லாம் பழைய கதை.

இனி எழுத வேண்டாம்.

அமராவதி


புவனகிரி
3.12.2006

அமரு,

எழுதாதன்னு சொன்ன. எழுதறேன்.

மச்சான் கருமாதி அன்னிக்கி பொறந்த வூட்டுக் கோடி அண்ணன்தான் எடுத்தாரணும், எடுத்தாந்தேன். சிதம்பரத்துல கட கடயா ஏறி எறங்கி தில்லையம்மா எடுத்த பொடவ. நீ கை நீட்டல. உன் பொண்ணு வெண்மதிதான் வாங்கி ஓரமா வெச்சா. பந்தல்ல இருந்தவங்க எல்லாம் என் மூஞ்சியப் பார்த்தாங்க. பரவால்ல, பார்க்கற மூஞ்சிதான்.

மச்சான நான் சீண்டாத நாளு கெடயாது. ராமாமிர்தம்னு பேரு வெச்சிகினு காபிக்குச் சக்கர இல்லாம குடிக்கிறியேன்னு ஆஸ்பத்திரியில கூட கிண்டல் பண்ணேன். நீ மருந்து வாங்கப் போயிருந்த. அவரு சிரிச்சிட்டு, 'சாமிக்கண்ணு, நீ அந்தப் பையனத் தொடலயாமே, ஏன்?'னு கேட்டாரு. சொன்னேன். 'இப்ப அவகிட்ட இத வாதாடாதே, தாங்க மாட்டா'ன்னாரு. சரின்னேன்.

தாலி போனதாலதான் அவரு போனாருன்னு துக்கத்துக்கு வந்தவங்க கிட்டல்லாம் நீ சொல்லிகினு இருந்த. சர்க்கரைதான் அவர உள்ளுக்குள்ள அரிச்சுதுன்னு உனக்கும் தெரியும். இத இப்ப எழுதக் கூடாது. எழுதிட்டேன். அடிச்சா அசிங்கமா இருக்கும், அப்படியே வுட்டுடறேன்.

வெண்மதிய உன்கூடவே படுக்கச் சொல்லு.

சாமிக்கண்ணு


மஞ்சக்குப்பம்
14.9.2008

அண்ணனுக்கு,

நான் எழுதுவேன் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள். நானும் நினைக்கவில்லை.

சிதம்பரம் கோர்ட்டில் விசாரணை தொடங்கிவிட்டது. முதல் சாட்சி நான். கூண்டில் நின்று அவனைக் கை நீட்டிக் காட்டினேன். முடி வளர்ந்து, கொஞ்சம் இளைத்து நின்றான்.

பிறகு அவனுடைய வக்கீல் எழுந்தார். சார்லஸ் என்று பேர், சின்ன வயசு, என்னிடம் படித்த பிள்ளைகளைப் போல இருந்தார். 'அணிவகுப்புக்கு முன்பே போலீஸ் ஸ்டேஷனில் இவரை உங்களுக்குக் காட்டினார்கள், அதனால்தான் சிறையில் உங்களால் தொட முடிந்தது என்கிறேன்' என்றார்.

'இல்லை' என்றேன்.

அப்படிச் சொல்லும்படி அரசு வக்கீல் முன்னமே சொல்லியிருந்தார். முன்கூட்டியே பார்த்தது வெளியே வந்தால் அணிவகுப்புக்கு மதிப்பே கிடையாதாம், வழக்கு அங்கேயே விழுந்துவிடுமாம். அவன்தான் என்று எனக்குத் தெரிகிறது. போலீஸ்காரர்களின் அவசரத்துக்கு அவன் ஏன் தப்பிக்க வேண்டும்? ஒரு வார்த்தைதானே என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த சாட்சி நீங்கள். சம்மன் வந்திருக்கும். சார்லஸ் உங்களிடமும் அதையே கேட்பார். நீங்களும் இல்லை என்று சொல்ல வேண்டும். ஆமாம் என்றால் அவன் வெளியே போவான், நான் பொய் சொன்னவளாக நிற்பேன். ஊரில் பாதிப் பேருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவள் நான்.

ஆஸ்பத்திரியில் அவர் சொன்னார் என்று எழுதியிருந்தீர்கள். இறந்தவரைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்.

அண்ணனாக எனக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்கவில்லை. இதைச் செய்யுங்கள்.

அமராவதி


புவனகிரி
21.9.2008

அமரு,

உன் லெட்டரு வந்ததுல ஒரு சந்தோஷம். படிச்சதும் அது போச்சு.

ஒரு வார்த்தைதான, சொல்லிட்டுப் போயேன்னு தில்லையம்மாவும் சொல்றா. 'ஊர்ல இல்லாத பொய்யெல்லாம் சொல்ற ஆளுதான நீ'ங்குறா. உண்மதான். மில்லுல பேய் இருக்குன்னு சொல்லி மேஸ்திரியவே வேட்டி அவுந்து ஓட வுட்டிருக்கேன். அதெல்லாம் சிரிக்கிறதுக்கு. சாயங்காலம் அவனும் நானும் சேர்ந்துதான் டீ குடிச்சோம். இது அப்படியா? கத்தியக் காட்டிப் பறிச்ச கேசுன்னா ஏழு வருஷத்துக்குக் கொறையாதாம். அந்தப் பையன் திரும்பி வர்றப்ப நான் பொய்யின்னு சொல்லிச் சிரிக்க உயிரோட இருக்க மாட்டேன்.

அவன் நல்லவன்னு நான் சொல்லல. அவனே எடுத்திருந்தாலும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. அதுதான் சங்கதி.

மாசி மகத்து அன்னிக்கிக் கடக்கரையில ஒரு கூத்து நடந்துதே, மறந்துட்டியா? ஒரு பொம்பள தன் பையன்னு நெனச்சி வேற ஒரு மொட்டப் புள்ளயக் கையப் புடிச்சி தரதரன்னு இழுத்துகினு போனா. அது கத்துது. இவ முதுகுல ஒண்ணு வெச்சி, 'வாடா சனியனே'ங்குறா. அந்தப் புள்ளயோட அம்மா ஓடியாந்து சண்ட. நீகூட சிரிச்ச, அன்னிக்கி நீ கடைசியா சிரிச்சது அதுக்குத்தான். பெத்தவளுக்கே மொட்ட அடிச்சி சந்தனம் பூசுனா எந்தப் புள்ளன்னு தெரியல. கத்தியப் பார்த்து நடுங்கிகினு நின்ன நமக்கு எப்படி அமரு தெரியும்? நான் அந்த மூஞ்சியப் பார்த்ததவிட கத்தியத்தான் ஜாஸ்தி பார்த்தேன். கைப்பிடியில பச்சக் கலரு ஒயரு சுத்தியிருந்தான். அது இன்னிக்கும் கண்ணுல நிக்குது. மூஞ்சி நிக்கல.

அந்த எஸ்.ஐ. நமக்கு நல்லது பண்றதா நெனச்சிதான் பெஞ்சுல குந்த வெச்சிக் காட்டுனாரு. நம்ம கண்ணக் கெடுத்துட்டாரு. பால்ல தண்ணி ஊத்துன மாதிரி, இனிமே எது பாலு எது தண்ணின்னு எடுக்க முடியாது.

ஒண்ணே ஒண்ணு செய்யி. யாரும் இல்லாதப்ப கண்ண மூடிகினு அந்த ரோட்டுல வந்தவனப் பாரு. அவன மட்டும் பார்க்காத, அவன சுத்தி என்ன இருக்குன்னு பாரு.

நான் 'ஆமா'ன்னுதான் சொல்லப் போறேன். முன்னாடியே சொல்லிடறேன், கூண்டுல ஏறி உன்ன ஏமாத்துனதா இருக்கக் கூடாது.

சாமிக்கண்ணு


மஞ்சக்குப்பம்
30.9.2008

அண்ணனுக்கு,

நீங்கள் சொன்னபடி கண்ணை மூடிப் பார்த்தேன். அவன்தான் தெரிகிறான். நன்றாகத் தெரிகிறான்.

நீங்கள் ஆமாம் என்று சொல்லும் நாளோடு நமக்குள் முடிந்தது. உங்கள் சாவுக்கு நான் வரமாட்டேன். என் சாவுக்கு நீங்கள் வர வேண்டாம்.

அமராவதி


புவனகிரி
6.11.2008

அமரு,

சாவுக்கு வராதன்ன. லெட்டரு போடாதன்னு சொல்லலயே.

நேத்திக்கு சாட்சி சொல்லிட்டேன். வேற யாராச்சும் வந்து கத கட்டறதுக்கு முன்ன நானே சொல்லிடறேன்.

சர்க்காரு வக்கீலு அவனக் காட்டி, 'இவரத் தெரியுமா?'ன்னு கேட்டாரு. 'தெரியும்'னேன். அவருக்கு மூஞ்சி மலந்துது. 'எங்க பார்த்தீங்க?'ன்னாரு. 'ஸ்டேஷன்ல, பெஞ்சுல'ன்னேன். மூஞ்சி சுருங்கிடுச்சு. உடனே எழுந்து நான் பிறழ் சாட்சின்னு ஜட்ஜு அம்மாகிட்ட சொன்னாரு. அப்படின்னா கட்சி மாறுனவன்னு அர்த்தமாம். மூணாங்கிளாஸ் படிச்சவனுக்கு இந்த வயசுல ஒரு பட்டம்.

அப்பறம் அந்தச் சார்லஸ் எழுந்துச்சு. நல்லா நைஸாத்தான் பேசுச்சு. 'ஸ்டேஷனுக்கு நீங்க தனியாப் போனீங்களா?'ன்னுது. 'தங்கச்சியும் வந்துது'ன்னேன். 'அப்ப உங்க தங்கச்சி இதே கூண்டுல நின்னு பொய் சொல்லியிருக்காங்க, சரியா?'ன்னுது.

அமரு, இதுக்கு நான் ரெடியா வரல.

'தம்பி, அவ டீச்சரு. எங்க வூட்டுல பொய் சொல்றதுக்குன்னே பொறந்தவன் நான். அவ அன்னிக்கி அழுதுகினு இருந்தா. அழுவற கண்ணுக்கு என்ன தெரிஞ்சுது, என்ன மறந்துதுன்னு அவகிட்ட கேளு'ன்னேன்.

'ஆமாவா இல்லயா, அத மட்டும் சொல்லுங்க பெரியவரே.'

'என்னா?' காதுல கை வெச்சேன்.

இன்னும் சத்தமாக் கேட்டுச்சு. நான் இன்னும் கொஞ்சம் குனிஞ்சேன். கோர்ட்டே சிரிச்சுது. ஜட்ஜு அம்மா சிரிக்கல. 'பெரியவரே, இது வெளயாட்டு இல்ல'ன்னாங்க. 'தெரிஞ்சுதான்மா வந்தேன்'னேன். அவங்க என்ன ஒரு மாதிரி பார்த்துட்டு, அந்தக் கேள்விய வுடச் சொல்லிட்டாங்க.

வெளிய வந்தா அந்தக் கலியபெருமாளோட அம்மா, மலர்க்கொடின்னு பேரு, கால்ல வுழ வந்துச்சு. 'உம் புள்ள எடுக்கலன்னு நான் சொல்லலம்மா, எனக்குத் தெரியாதுன்னுதான் சொன்னேன்'னு நவுந்துட்டேன். அதுக்கு ரொம்ப ஏமாத்தம்.

கோர்ட்டு எதுக்க டீக்கடயில ஒரு டீ குடிச்சேன். உன் பேர நான் கெடுக்கல அமரு. கெடுக்காம இருக்க என்னால ஆனத செஞ்சேன். போதுமான்னு தெரியல.

சாமிக்கண்ணு


மஞ்சக்குப்பம்
18.2.2009

அண்ணனுக்கு,

நான் கடைசியாக எழுதிய கடிதத்தில் ஒன்றை மறைத்தேன். அவன் நன்றாகத் தெரிகிறான் என்று எழுதினேன். எங்கே தெரிந்தான் என்று எழுதவில்லை.

கண்ணை மூடினால் சவுக்குத் தோப்பு வருகிறது, வண்டி வருகிறது, கத்தி வருகிறது. அவன் முகத்துக்குப் பின்னால் மட்டும் ஒரு காலண்டர் தொங்குகிறது. ஏதோ உரக்கடைக் காலண்டர், தேதித் தாள் பாதி கிழிந்தது. தோப்பில் காலண்டர் ஏது? அது ஸ்டேஷனில் அந்த பெஞ்சுக்கு மேலே தொங்கியது. அதைக் கழற்றிவிட்டுப் பார்க்க எவ்வளவோ முயன்றேன். காலண்டரைக் கழற்றினால் முகமும் கூடவே போய்விடுகிறது. வெறும் சந்தனம்தான் நிற்கிறது.

அன்றைக்கே தெரிந்துவிட்டது. இருந்தும் உங்களுக்கு அப்படி எழுதினேன். நீங்கள் பயந்து இல்லை என்று சொல்லிவிட மாட்டீர்களா என்று கடைசி வரை எதிர்பார்த்தேன்.

நீங்கள் காதில் கை வைத்துக் குனிந்ததைப் படித்தபோது எனக்குத் தாங்கவில்லை. எனக்காக நீங்கள் கோர்ட்டில் கோமாளியாக நின்றிருக்கிறீர்கள். மறுநாளே ஒரு வக்கீலைப் பார்த்து, மறுபடி சாட்சி சொல்ல மனு எழுதச் சொன்னேன். என்னை மறுபடி கூப்பிட்டார்கள். 'ஸ்டேஷனில் காட்டினார்கள். முன்பு இல்லை என்று சொன்னது தவறு' என்றேன். யாராவது மிரட்டினார்களா என்று ஜட்ஜ் அம்மா கேட்டார். இல்லை என்றேன். அந்த 'இல்லை' எனக்கு எளிதாக வந்தது. பொய்ச் சாட்சி வழக்குப் போடலாம் என்று சொல்லி, அந்த அம்மா என்னை வெகுநேரம் நிற்க வைத்தார். பிறகு கண்டித்து அனுப்பினார். கூட்டத்தில் என்னிடம் படித்தவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டாள்.

நேற்று தீர்ப்பு. அடையாளம் சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்கப்படவில்லை, விடுதலை. அவன் என் பக்கம் திரும்பவில்லை. கும்பிடவும் இல்லை, முறைக்கவும் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினான். அவன் அம்மா பின்னாலேயே ஓடினாள். நான் அந்த முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன். இவன்தானா, இல்லையா? இனி எனக்குத் தெரியப்போவதில்லை.

இத்தனை நாள் காலையில் எழுந்ததும் அவனைத் திட்டுவேன். அவர் படத்துக்குப் பூப் போடும்போது திட்டுவேன். சாப்பாட்டுத் தட்டை எடுக்கும்போது திட்டுவேன். அப்படித்தான் பொழுது போனது. இன்று காலை எழுந்து உட்கார்ந்தேன், வாயில் ஒன்றும் வரவில்லை. பெயர் தெரியாத, முகம் தெரியாத ஒருவனை எப்படித் திட்டுவது? அவரைத் திட்ட முடியாது, போய்விட்டார். சாமியைத் திட்டி எனக்குப் பழக்கமில்லை. வெண்மதி பாவம். வீடு முழுக்க அமைதியாக இருக்கிறது, அதுதான் பயமாக இருக்கிறது.

நீங்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். பாயசத்து உப்பில் தொடங்கி எல்லாவற்றுக்கும் திட்டுவேன். முடிய நேரமாகும், அதனால் சாப்பாடு இங்கேதான்.

அமராவதி